கட்டாத மாடி கசிகிறது

எங்கள் வீட்டு மாடியை நாங்கள் இன்னும் கட்டவில்லை. அதில் ஐசக் சார் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது.

தென்றல் நகரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான் இது. கீழ்வீட்டை முடிக்கும்போதே, பிற்பாடு மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேலே நீட்டி விட்டுவைப்போம். கம்பி நிற்கிற இடத்தில் மாடி வந்துவிடும். ஆட்களும் வந்துவிடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் கம்பியைப் போல ஆளுயரக் கம்பி இந்த நகரில் யாருக்கும் கிடையாது. எதிர்வீட்டுக் கஸ்தூரி முழ உயரத்தோடு கஞ்சத்தனம் பண்ணினாள். அவள் வீட்டு வாடகைதாரர்கள் இன்றைக்கும் தவழ்ந்துதான் அடுப்படிக்குப் போகிறார்கள்.

அந்தக் கம்பி எங்கள் மகன் எழிலனுக்காக விட்டது. அவன் மஸ்கட்டில் இருக்கிறான். அடுத்த வருஷம் வந்துவிடுகிறேன் என்று வருஷா வருஷம் போனில் சொல்வான். அதுவரை சும்மா கிடப்பானேன் என்றுதான் ஐசக் சாருக்கு விட்டோம். மகன் வந்தால் காலி செய்ய வேண்டும் என்று கறாராகச் சொன்னேன். அதற்கென்ன, எங்கள் கூரைக்கு மேலேயும் கம்பி விட்டுவைக்கிறோம், தம்பி வந்தால் அங்கே இருந்துகொள்ளட்டும் என்றார். அவர் மனைவி ரோஸ்லின் அன்றைக்கே பால் காய்ச்சி எங்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். தங்கமான மனிதர்கள்.

வற்றல் காயவைக்க மொட்டைமாடிக்குப் போகும்போது காலிங்பெல் அடித்துவிட்டுத்தான் போவேன். இல்லாவிட்டால் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஹாலின் நடுவில் போய் நிற்பேன், மரியாதையாக இருக்காது. திடீரென்று மழை வந்தால் நான் நனைவேன், அவர்கள் நனைய மாட்டார்கள். ரோஸ்லின் துண்டு எடுத்துக் கொடுப்பாள். ஒரே தொந்தரவு, அவர்கள் குளியலறைத் தண்ணீர் எங்கள் ஹாலில் கசியும். டிவிக்கு நேர் மேலே தோசை அகலத்துக்கு ஒரு கறை. அதைப் பற்றி வெளியில் மூச்சு விட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகாது என்றுதான் கஸ்தூரியிடம் சொல்லிவைத்திருந்தேன்.

போன சித்திரையில் வீடு கட்டும் தொழில்நுட்ப ஆய்வுக் குழு எங்கள் நகருக்கு வந்தது. வீடுகள் நன்றாக அமைய எதை முதலில் ஆராய்வது, எதைப் பிறகு ஆராய்வது என்று முடிவு செய்கிற குழு. அவர்களுக்குள்ளேயே ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் ஒரே பகலில் வீட்டை வார்த்து நிறுத்தும் இயந்திரம் வேண்டும் என்றார். ஒருவர் வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை என்றார். பூசின சுவர் தாகம் எடுத்தால் தானே வாய்விட்டுத் தண்ணீர் கேட்க வேண்டும் என்றார் இன்னொருவர். குழுத் தலைவர் சௌந்தரபாண்டியனுக்கு மட்டும் கம்பிதான் கவலை. வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு தூணுக்குள் இறங்கிக் கீழ்வீட்டைக் கெடுக்கிறதாம். அதை ஒட்ட அறுத்து மூடும் கருவிதான் முதல் ஆராய்ச்சி என்றார். ஆனால் ஆள் குடியிருக்கிற மாடி என்று தெரிந்தால் கம்பியைத் தொட மாட்டோம், அந்த மாடிக்கான ஆராய்ச்சியையே முதலில் வைப்போம் என்றும் சொன்னார். நியாயமான மனிதர். மாதிரி வீடாக எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே என்ன முடிவோ, அதுதான் நகர் முழுமைக்கும்.

சேதி தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நகர் இருக்க, இத்தனை வீடு இருக்க, என் வீட்டு ஹாலில் அல்லவா கூடப்போகிறார்கள்! எங்கள் வீட்டுக்காரரை ஏணியில் ஏற்றி ஹால் முழுக்க வெள்ளையடிக்க வைத்தேன். கறை இருந்த இடத்தில் கூடுதலாக இரண்டு பூச்சு. குழு வந்து போகிறவரை சிக்கனமாகக் குளிக்கும்படி ஐசக் சாரிடமும் சொன்னேன். அவர் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்வந்தார்.

குழு வந்தது. முதலில் மாடிக்குப் போய்ப் பெல் அடித்தார்கள். ரோஸ்லின் காபி கொடுத்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகள் ஸ்டெல்லாவிடம் எத்தனையாவது மாதம் என்று அன்பாக விசாரித்தார்கள். பிறகு கீழே வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். கூரை பளிச்சென்று இருந்தது.

"மாடியில ஆள் இருந்தா கீழே கசிஞ்சிருக்கணுமேம்மா" என்றார் தலைவர்.

இப்போதுதானே அங்கே காபி குடித்துவிட்டு வந்தீர்கள் என்றேன்.

"காபி குடிச்சது விருந்தாளிங்கிற முறையில. ஆய்வுன்னு வந்தா கசிவுதான் கணக்கு."

அவர் சொன்னதும் சரிதான். வாசலில் ஒருவர் அறுக்கும் கருவியோடு நின்று பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து போய்க் காட்டினார். வந்தவர்களுக்கு உதவாமல் இவரால் இருக்க முடியாது. கருவி ஒருமுறை உறுமி ஓய்ந்தது. அந்தச் சத்தம் கேட்டு ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் பாதி தூரம் இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டி, தொட்டில் கட்ட நடுக்கம்பியத்தான் பாத்து வெச்சிருக்கோம்" என்றாள்.

கம்பி போனால் மாடி போய்விடும். நிறைமாதக்காரி எங்கே போய் நிற்பாள்? ஜன்னலுக்கு வெளியே தெருவே கூடியிருந்தது. முன்வரிசையில் கஸ்தூரி. போகட்டும், மானம் என்ன மானம் என்று எழுந்து நின்றேன்.

"எங்க வீடு ஒழுகுதுங்க. மாடிக்கு ஆள் குடிவந்த நாளா ஒழுகுது. நான்தான் வெள்ளையடிச்சு மறைச்சேன்."

மறைத்தது கணக்கில் வராது, கசிந்தால் பார்க்கலாம் என்றார் தலைவர். நான் படிக்கட்டில் நின்று, சார், போய் ஆசை தீரக் குளியுங்கள் என்று குரல் கொடுத்தேன்.

ஐசக் சார் குளித்தார். சர்ச் பாட்டு பாடிக்கொண்டே வாளி வாளியாக ஊற்றிக் குளித்தார். எல்லோரும் அண்ணாந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஆயுசுக்கும் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற எங்கள் வீட்டுக்காரர், பாழாய்ப்போன வெள்ளையை மட்டும் அத்தனை நேர்த்தியாக அடித்து வைத்திருந்தார். ஐசக் சார் குளித்து முடித்ததும் ரோஸ்லின் வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் போட்டு அலசினாள். வாசலில் நின்றவர் கருவியைத் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கினார்.

அப்போது டிவிக்கு மேலே பொட்டு அளவுக்கு ஒரு ஈரம் தெரிந்தது. அது அகலித்தது. அப்பளம் அளவானது, தோசை அளவானது. பிறகு ஒரு சொட்டு கனத்துத் தொங்கி, அடியில் வந்து அண்ணாந்து நின்ற தலைவரின் மூக்குக்கண்ணாடியில் நேராக விழுந்தது.

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "நல்ல குடித்தனம்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். எழிலன் கல்லூரியில் முதல் மாணவனாக வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. கருவிக்காரர் இறங்கி வந்து ஒயரைச் சுருட்டினார். இன்னும் கட்டாத மாடியிலிருந்து வரும் கசிவுதான் வீட்டுக் கட்டுமானத்தில் முதல் ஆராய்ச்சி என்று அங்கேயே முடிவானது. கறையைச் சுற்றி நீலக்கோடு போட்டு, ஆய்வுக்குரியது என்று எழுதிவிட்டுப் போனார்கள். மறுநாள் கஸ்தூரி தன் நாத்தனாரை அழைத்துவந்து அதைக் காட்டினாள். உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன்.

ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நடுக்கம்பியில் தொட்டில் கட்டுகிற அன்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பெல் அடித்துவிட்டுப் போனோம். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தேன். ஐசக் சார் வீட்டுக் கூரையில் தோசை அகலத்துக்கு ஒரு கறை.

"ஒரு வாரமா காலையில குளிக்கிற சத்தம் கேக்குதுக்கா" என்றாள் ரோஸ்லின். "மேல நாங்க விட்டுவெச்ச கம்பிக்குத் தம்பி வந்துட்டாப்ல போல."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எழிலன் சித்திரை வெயிலிலும் வெந்நீரில்தான் குளிப்பான்.

இவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏணியை எடுத்துவந்து வெள்ளையடிக்கட்டுமா என்று கேட்டார். அடித்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன்.