எங்களுக்குத் தைக்க வராது, மேடம்

போர்வையிலிருந்து என் சதுரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடச் சொல்லி வார்டன் உத்தரவு போட்டது வெள்ளிக்கிழமை சாயங்காலம். விழா ஞாயிற்றுக்கிழமை.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி எங்களுடையது. நடத்துவது ஓர் அறக்கட்டளை. வருஷா வருஷம் விழா எடுப்பார்கள். இந்த வருஷம் அங்கே யாருக்கோ திடீரென்று மூளை வேலை செய்து, ‘நம் பெண்கள் தாங்கள் பெரிதாக மதிக்கும் விஷயங்களைத் துணியில் தைத்துக் காட்டட்டும், சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டலாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆளுக்கொரு சதுரம். சதுரங்களை இணைத்து, அடியில் பஞ்சை விரித்து, அதற்கும் அடியில் ஒரு துணி போட்டு மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

“மெத்தைக்குத் தங்கச்சி, போர்வைக்கு அக்கா” என்றாள் சைரன். என் அறைக்காரி. அவள் சிரித்தால் தெருமுனையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் அந்தப் பெயர்.

எதைத் தைப்பது என்பதற்கு உதாரணமும் அவர்களே சொல்லியிருந்தார்கள். பணிவு, தூய்மை, நன்றி.

நன்றி என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதற்காக எனக்கு இங்கே வாடகையில் சலுகை. அந்தச் சலுகைக்காக, எந்த விருந்தாளி வந்தாலும் என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்கள். “இந்தப் பொண்ணோட அப்பா மூட்டை தூக்குறவர்” என்பார்கள். நான் கைகூப்ப வேண்டும். தூக்கினார்தான், இல்லையென்றா சொல்கிறேன்? அதில் ஒரு மூட்டையைக்கூட இவர்கள் யாரும் இறக்கி வைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே பணிவையும் நன்றியையும் நாங்கள் தொடவில்லை. எங்களுக்குள் நாங்கள் எதை மதிக்கிறோமோ அதைத்தான் தைப்பது என்று முடிவானது. நர்ஸ் அக்கா, எங்களில் மூத்தவர், மூடிவைத்த ஒரு தட்டைத் தைத்தார். நேரம் கழித்து வருகிறவளுக்குச் சோறு எடுத்துவைப்பது. பொட்டலம் என்று ஒருத்தி, எப்போதும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள்; அவள் ஒரே கம்பளிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் நான்கு பாதங்களைத் தைத்தாள். சைரன் பூட்டுப் போட்ட ஒரு வாயைத் தைத்தாள். ஒருத்தி அழுதுகொண்டே சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்லாமலிருப்பதாம். அதை இவள் தைத்ததற்கே தனியாகச் சிரித்தோம்.

நான் விடுதியின் கேட்டைத் தைத்தேன். பாதி திறந்த கேட். உள்ளிருந்து தாழ்ப்பாளை இழுக்கும் ஒரு கை.

காரணம் இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் எங்கள் கேட்டுக்குக் காது கேட்காது. மழைக்காலத்தில் ஒருநாள் நர்ஸ் அக்கா ஆஸ்பத்திரியில் அவசரக் கேஸ் முடித்து வந்து, நனைந்துகொண்டே தட்டிக்கொண்டு நின்றார். வார்டன் விதியை விளக்கிக்கொண்டிருக்கும்போதே நான் போய்த் தாழ்ப்பாளை இழுத்துவிட்டேன். அதற்கு ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை என் சதுரத்தின்மேல் விரலை வைத்தார் வார்டன்.

“இது என்ன?”

“கேட், மேடம்.”

“அது தெரியுது. வர்றவங்க இதப் பாத்தா என்ன நினைப்பாங்க?”

“கேட்டைத் திறக்கலாம்னு நினைப்பாங்க.”

“வாய்! இந்த வாய் இருக்கே!” என்றார். “நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இத வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல ‘நன்றி’ன்னு பெருசா எழுதித் தச்சிடுங்க.”

நான் கத்தினேன். நர்ஸ் அக்கா நனைந்ததைச் சொன்னேன், தட்டிய கையைச் சொன்னேன், விதி எழுதியவர்கள் யாராவது ஒருநாள் வெளியே நின்று பார்க்கட்டும் என்றேன். வார்டன் போய்விட்டார். அப்புறம்தான் கவனித்தேன், கூடத்தில் என் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நர்ஸ் அக்கா நூல் கோத்துக்கொண்டிருந்தார். பொட்டலம் தரையைப் பார்த்தாள். சைரன்கூட, உலகத்தில் எதற்கும் சத்தம் போடும் சைரன்கூட, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“வெட்டிக்கோங்க” என்றேன். “அப்படியே என்னையும் சேத்து அனுப்பிடுங்க. வேற இடம் பாத்துக்கறேன்.”

“போய்த் தூங்கு” என்றார் நர்ஸ் அக்கா. அவ்வளவுதான்.

சனிக்கிழமை வேலை. கூரியர் கம்பெனியில் போன் எடுப்பது என் உத்தியோகம். பார்சல் வரவில்லை என்று திட்டுகிறவர்களுக்கெல்லாம் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ சொல்ல வேண்டும். அன்று நடுநடுவே நான் மற்ற விடுதிகளுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில் இடம் இருந்தது, வாடகை என் சம்பளத்தை விழுங்கிவிடும். இன்னொன்றில் வாடகை பரவாயில்லை, ஒரே அறையில் எட்டுப் பேர். அங்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் சதுரத்தை வெட்டிய கூடத்தில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியாது.

மத்தியானம் திரும்பி வந்து நேராக அறைக்குப் போகப் பார்த்தேன். கூடத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. எட்டிப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேஜைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டு, மேலே போர்வையை விரித்து, சுற்றிலும் எல்லோரும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை லீவு கிடைக்காத இரண்டு பேர்கூட இருந்தார்கள். என் சதுரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

முதலில் நாங்கள் போட்ட திட்டம் வேறு. ஒவ்வொரு சதுரத்துக்கும் உள்ளே தனித்தனியாகத் தைத்து அங்கங்கே முடிச்சுப் போடுவது, அதுதான் சுலபம். இப்போது பார்த்தால், போர்வையின் இந்த ஓரத்தில் புறப்பட்ட நூல் அலை அலையாக வளைந்து அந்த ஓரம் வரை போயிருந்தது. நடுவில் எங்கும் முடிச்சே இல்லை. தட்டின் மேலே ஏறி, கேட்டுக்குள் புகுந்து, பாதங்களைத் தாண்டிப் போனது. குறுக்காக வந்த வரிகளும் அப்படியே.

“பாத்தியா?” என்றாள் சைரன். “இப்ப உன் கேட்ட வெட்டினா என் வாயும் சேந்து பிரிஞ்சிடும்டி.”

“பிரிஞ்சாலும் ஊருக்கு நல்லதுதான்” என்றது மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“நேத்து ஏன் யாரும் ஒண்ணும் பேசல?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

நர்ஸ் அக்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நாங்களும் கத்தியிருந்தா அப்பவே கத்திரிக்கோல் வந்திருக்கும். கத்தறதுக்கு நீ ஒருத்தி போதும்மா. தைக்கத்தான் ஆள் வேணும்.”

வாசலிலேயே நின்றேன். நன்றி என்ற சொல்லை இத்தனை வருஷமாக என்னிடமிருந்து பிடுங்கித்தான் வாங்கியிருக்கிறார்கள். அது தானாகவே தொண்டைக்கு வந்து நிற்குமென்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். பையைக் கீழே வைத்துவிட்டுச் சைரன் பக்கத்தில் போய் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வார்டன் உள்ளே வந்தார். போர்வையைப் பார்த்தார். ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். விரலால் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போனார். விரல் மறுகோடி வரை போய்விட்டது.

“யாரு இப்படித் தைக்கச் சொன்னது?”

நர்ஸ் அக்காதான் பதில் சொல்வார் என்று நினைத்தேன். பேசியது பொட்டலம். “இப்படித் தைக்கலன்னா பஞ்சு ஒரு பக்கமா ஒதுங்கிடும் மேடம்.”

அவளுக்கு இவ்வளவு நீளமாகப் பேச வரும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. வார்டனுக்கும்தான்.

ஆனால் வார்டன் ஒன்றும் நேற்றுப் பிறந்தவர் இல்லை. “சரி, வெட்ட வேண்டாம்” என்றார். “அதுக்கு மேல ஒரு துணிய வச்சு மூடிடுங்க. ‘நன்றி’ன்னு எழுதி.”

காலையிலிருந்து இத்தனை பேர் குனிந்து தைத்ததை ஒரு கைக்குட்டை அளவுத் துணி மூடிவிடும். வாயைத் திறந்தேன். சைரன் மேஜைக்கு அடியிலிருந்து காலை நீட்டி என் பாதத்தை நன்றாக மிதித்தாள்.

“மூடலாம் மேடம்” என்றார் நர்ஸ் அக்கா. “யார் தைக்கறது?”

“நீயே தையேன்.”

“எனக்குத் தைக்க வராது, மேடம்.” சொல்லிக்கொண்டே ஐந்து தையல் போட்டார், அச்சில் வார்த்த மாதிரி.

வார்டன் பொட்டலத்தைப் பார்த்தார். “எனக்கும் வராது, மேடம்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எனக்கு ஊசின்னாலே பயம்” என்றாள் சைரன். கையில் ஊசி.

மேஜையைச் சுற்றி ஒவ்வொருத்தியிடமிருந்தும் அதே பதில் வந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை. யாருடைய கையும் நிற்கவில்லை. கடைசியில் வார்டன் என் பக்கம் திரும்பினார். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, கத்த வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் போனது.

“எனக்கு நிஜமாவே வராது, மேடம்” என்றேன்.

அவர் எங்கள் கைகளைப் பார்த்தார். “விழா முடியட்டும், அப்புறம் இருக்கு” என்றார். வாசலில் நின்று, “நீ தச்ச தாழ்ப்பாள் தப்பு, நம்ம கேட்டுல அது இடது பக்கம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அந்த இன்னொரு விடுதிக்கு போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். தடங்கலுக்கு வருந்துகிறேன் என்றும் சொன்னேன், பழக்கதோஷம். திரும்பி வந்தபோது சைரன் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். ஒரு ஓரம் இன்னும் மிச்சமிருந்தது. நர்ஸ் அக்கா நூல் கோத்த ஊசியை நீட்டினார். நான்கு தையல் போட்டேன்.

“ஐயோ, பல்லு பல்லா இருக்கேடி” என்றார். “கிட்டக்கிட்டப் போடு.”

“சரிக்கா” என்றேன். கிட்டக்கிட்டப் போட்டேன்.