சத்தத்தைக் குறைத்தவர்

“முதல்ல இந்த ஸ்பீக்கரை நகர்த்துங்க” என்றாள் அவள்.

மூன்று ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நெஞ்சளவு உயரமுள்ள அந்த இடது ஸ்பீக்கர் அறைக்கதவை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நின்றது. வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையலாம். பேக்கரிக்காரர் மட்டும் இரண்டு தவணையில் நுழைவார். இப்போது நடு நாற்காலியிலிருந்து அவள் கணவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் பெண், எழுத வேண்டியதை எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

“இல்ல மேடம், தரையில டேப் ஒட்டி மார்க் பண்ணி வெச்சிருக்கார்” என்றார் பல் டாக்டர். “ஒரு விரக்கடை தள்ளிப்போனாக்கூட…”

“தள்ளிப்போனா?”

“பாடகி நடுவுல நிக்க மாட்டா.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“அவ எங்க வேணா நிக்கட்டும் டாக்டர். இவரைக் கட்டில்ல படுக்க வைக்கணும்.”

ஸ்பீக்கரைத் தூக்கினார்கள். தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுகிற பதத்தில் தூக்கி, ஜன்னலோரம் இறக்கினார்கள். பாடகி நடுவில் நிற்பதற்காக, அதாவது குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவிலிருந்து வருவதற்காக, அவரையும் சேர்த்து நாலு பேரும் நாலு மாதம் டேப்பும் பென்சிலுமாகத் தரையில் தவழ்ந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. பிறகு அவரைத் தூக்கினார்கள். பேக்கரிக்காரர் தோள் பக்கம், டாக்டர் இடுப்பு, கால் பக்கம் வயர்.

வயர் என்பது பட்டப்பெயர். ஆள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். முழ நீள ஸ்பீக்கர் கம்பி ஒன்று வாங்குவதற்காக, ஓடிக்கொண்டிருந்த பைக்கை விற்றவர். அன்றிலிருந்து மாமியார் உட்பட எல்லோருக்கும் அவர் வயர்தான். நாலு பேரில் இளையவர், நாற்பத்தைந்து இருக்கும். வாய் ஓயாத ஆள். ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அதை அவள் கவனித்தாள். கவனித்து, ஆள் பயந்துபோயிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

கட்டிலில் படுக்கவைத்ததும் வேட்டியைச் சரிசெய்தாள். முகம் நன்றாக இருந்தது. ஏதோ நுணுக்கமான ஒன்றைக் கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி, புருவம் மட்டும் லேசாக நெறிந்திருந்தது. வம்பே அதில்தான், பாட்டு கேட்கும்போதும் அவருக்கு அதே முகம்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருஷம். மூடிய லிஃப்ட் கதவில் காதை வைத்து, எத்தனையாவது மாடியில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் பக்கத்து அறையிலிருந்து அவள் கூப்பிட்டால் மட்டும் கேட்காது. ஓய்வு பெற்றதும் கேட்பதற்கு லிஃப்ட் இல்லாமல் போனது. பின்பக்க அறை இப்படி ஆனது. சுவரெல்லாம் பஞ்சு அட்டை, ஜன்னலுக்குக் கம்பளி, நடுவில் ஒரே ஒரு நல்ல நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் என்று நாலு பேரும் முறை வைத்துக் கூடிக் கேட்டார்கள். இந்த வாரம் இந்த வீடு.

கேட்பதற்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. இசைத்தட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. ஃபேன் ஓடக்கூடாது. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ரிமோட் நடு நாற்காலிக்காரர் கையில்தான் இருக்கும், வேறு யாரும் தொடக்கூடாது. முள் தூக்கிய பிறகும் இரண்டு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும், “காத்துல இருக்கிறது அடங்கணும்” என்பதற்காக. இதெல்லாம் வயர் எழுதிய சட்டம். தட்டச்சு செய்து கதவுக்குப் பின்னால் ஒட்டியும் வைத்திருந்தார்.

இன்று வயர் ஒரு புதுக் கம்பி கொண்டுவந்திருந்தார். பழைய கம்பியில் ஒரு முறை, புதுக் கம்பியில் ஒரு முறை, இசைத்தட்டின் ஒரே பக்கத்தை இரண்டு தடவை போடுவது. வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். முதல் தடவை முடிந்ததும் “கேட்டாச்சாண்ணே?” என்று வயர் கேட்டார். “ம்” என்றார் அவர். கம்பியை மாற்றினார்கள். மறுபடி முள் இறங்கியது. இருபது நிமிஷம். முள் தூக்கி, இரண்டு நிமிஷம். “எப்படிண்ணே?”

பதில் இல்லை.

பதில் இல்லாததை மூன்று பேரும் மூன்று விதமாக எடுத்துக்கொண்டார்கள். டாக்டர், கம்பி பிரமாதம், ஆள் வாயடைத்துப்போய்விட்டார் என்று நினைத்தார். பேக்கரிக்காரர், தூங்கிவிட்டார் என்று நினைத்தார். வயர், வித்தியாசமே தெரியவில்லை, மனசு நோகக்கூடாதென்று சும்மா இருக்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் நொந்துபோனார். இன்னும் ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பேக்கரிக்காரர்தான் தோளைத் தொட்டு அசைத்தார்.

இதையெல்லாம் டாக்டர் அவளிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார். ஒப்பிக்கும்போது குரல் உடைந்தது. “நான் ஒரு டாக்டர் மேடம். பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்.”

“நீங்க பல்லுக்குத்தானே டாக்டர்” என்றாள் அவள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

பிறகு, அதுவரை கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். “நாலு ஐம்பதுக்கு நான் வெளியிலேர்ந்து கத்தினேனே. சத்தத்தைக் குறைங்கன்னு. உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுது தங்கச்சி” என்றார் பேக்கரிக்காரர்.

“உடனே குறைஞ்சுது.”

“ஆமா. ரெண்டாவது தடவை ஓடிட்டிருந்தப்போ. நாங்க கண்ணைத் திறக்கல. அவர்தான் குறைச்சிருப்பார். ரிமோட் அவர்கிட்டதானே.”

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். வயர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு ஐம்பது என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அப்போது அவள் மகளோடு ஃபோனில் இருந்தாள். பின்னறைச் சத்தத்தில் மகள் பேசுவது கேட்கவில்லை. ஃபோனைப் பொத்திக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். போட்ட சத்தம் அடங்குவதற்குள் பாட்டு பாதியாகக் குறைந்தது. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. மூன்று தடவை கத்தி, நாலாவது தடவை போய்க் கதவைத் தட்டி, “என்ன, கூப்பிட்டியா?” என்று அவர் வருவதுதான் வழக்கம். “பாத்தியாடி, உங்கப்பாவுக்கு இன்னிக்கு என்னமோ ஆயிடுச்சு. ஒரே தடவையில கேட்டுட்டார்” என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள். மகளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஆனால் அந்த முள்ளைச் சுற்றி வேறொன்றும் மெல்ல வளர ஆரம்பித்திருந்தது. கடைசியாக அவர் செய்த காரியம் அவள் பேச்சைக் கேட்டது. ஏதோ தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. போகிற நேரத்தில், இவள் ஒன்று சொன்னால் செய்துவிட்டுப் போவோம் என்று தோன்றியிருக்கிறது.

ஊரிலிருந்து கிளம்பிவிட்ட மகளிடம் ஃபோனில் அதைச் சொன்னாள். “அம்மா” என்றுவிட்டு மகள் அழுதாள். மூன்றாம் மாடி ரிட்டையர்ட் தலைமை ஆசிரியர் வந்தார், அவரிடம் சொன்னாள். லிஃப்ட் கம்பெனியில் கூட வேலைபார்த்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் நேர்த்தியானது. ஏழு மணிக்கெல்லாம், அவர் கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே குறைத்தார் என்கிற வரைக்கும் வந்துவிட்டது. யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

கீழ்வீட்டு அம்மாளும் வந்தாள். சத்தம் தாங்கவில்லை என்று அசோசியேஷனுக்கு மூன்று முறை எழுதிப்போட்டவள். அவள்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். “நான் சொன்னப்பகூட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலீங்க அவரு” என்றாள். உண்மைதான். எதிர்த்துப் பேசவில்லை. குறைக்கவும் இல்லை.

“கடைசியா உங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் போனாராமே?”

“ஆமாங்க. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.”

கதவோரம் உட்கார்ந்திருந்த வயர் சட்டென்று எழுந்து பால்கனிக்குப் போனார்.

டீ போடுவதற்காக அவள் சமையலறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லி எல்லோரும் தடுத்தார்கள். ஆனால் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தபோது, பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

“அண்ணி.”

“உள்ள வாங்க. டம்ளர் எடுக்கணும், அலமாரி மேல் தட்டு எட்டாது எனக்கு.”

வயர் டம்ளர்களை எடுத்துக்கொடுக்கவில்லை. கதவைப் பாதி சாத்தினார்.

“நான்தான் குறைச்சேன் அண்ணி.”

அவள் டீத்தூள் டப்பாவின் மூடியைத் திறந்தபடியே நின்றாள்.

“நீங்க கத்தினீங்க. அவர் குறைக்கல. நீங்க மறுபடி கத்துவீங்க, அப்புறம் கதவைத் தட்டுவீங்க, புதுக் கம்பி டெஸ்ட் பாதியில கெட்டுப்போகும்னு… ரிமோட்டை நான் எடுத்துக் குறைச்சேன். குறைச்சிட்டுத் திரும்ப வெச்சுட்டேன். யாருக்கும் தெரியாது. நான் எழுதின ரூலை நானே மீறிட்டேன்னு, அதான் அப்ப எனக்குப் பயமே.”

“எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“கையிலேர்ந்து.”

தண்ணீர் சூடேறும் சத்தம் கேட்டது.

“கை சில்லுன்னு இருந்துச்சு அண்ணி. வேர்வையா இருந்துச்சு. ஃபேன்கூட ஓடல, ஏன் சில்லுன்னு இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. தோணுச்சு அண்ணி. தோணிட்டு, நான் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டேன். அந்தப் பாட்டுல ஒரு இடம் வரும், அதுலதான் கம்பியோட வித்தியாசம் தெரியும். அது வரப்போகுதுன்னு…”

நாற்பத்தைந்து வயது ஆள், மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டார்.

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்ல. சொன்னா, அப்பவே எழுப்பியிருந்தா பொழைச்சிருப்பார்னு சொல்லிடுவாரோன்னு.”

“ஆம்புலன்ஸ்ல வந்த பொண்ணு, முன்னாடியே பாத்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னுச்சு.”

“அது எல்லார் வீட்லயும் சொல்றது அண்ணி. நான் இன்ஷூரன்ஸ்ல இருக்கேன். எனக்குத் தெரியும்.”

அவளுக்கும் தெரியும். டீத்தூளைப் போட்டாள். எத்தனை கரண்டி போட்டோம் என்று மறந்து இன்னும் ஒன்று போட்டாள். இந்த ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் அந்தக் கதையை மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பாள். ஒன்றரை மணி நேரம்கூட விட்டுவைக்கவில்லையே, பாவி.

“ஏன் சொல்றீங்க இப்ப?”

“நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றதைக் கேட்டுட்டே நிக்க முடியல அண்ணி. அவர் சிரிச்சுட்டே குறைச்சார்னு சொன்னீங்க. அவர் சிரிக்கல.”

“குடுத்தாரா?”

“என்னது?”

“ரிமோட்டை. எடுத்தப்ப சும்மா வந்துச்சா, இல்ல…”

வயர் யோசித்தார். இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிக்கொள்வது போலவே.

“இல்ல. விடல. கட்டை விரல் மேல இருந்துச்சு. லேசாத்தான். நான் இழுத்துதான் எடுத்தேன்.”

அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வயர் பதறிப்போய்ப் பார்த்தார். அழுகை இல்லை அது.

“விட்டிருக்க மாட்டார்” என்றாள். “நான் ஒரு தடவை சொன்னதுக்கா குறைப்பார்? எனக்கே உள்ளுக்குள்ள இடிச்சுட்டேதான் இருந்துச்சு. யாரையோ பத்திப் பேசிட்டிருக்கிற மாதிரி.” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சிரிப்பும் இன்னொன்றும் சேர்ந்து தோள் குலுங்கிற்று. “முப்பத்துநாலு வருஷம். ஒரு தடவைகூட.”

பால் பாத்திரத்தை அடுப்பின் அந்தப் பக்கம் ஏற்றினாள்.

“டாக்டர்கிட்ட சொல்லாதீங்க தம்பி. அந்த மனுஷன் ஏற்கெனவே ஒடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கார். பேக்கரிக்காரர்கிட்டயும் வேண்டாம். அவருக்கு ரகசியம் தங்காது.”

“நீங்க?”

“நான் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். மக அழுதுட்டே வந்துட்டிருக்கா. இனிமே போய் மாத்திச் சொல்லவா?”

வயர் தலையாட்டினார். போவதற்குத் திரும்பினார். போகவில்லை. எங்கே நிற்பது என்று தெரியாதவராக, கதவுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்றார்.

“எந்தக் கை?” என்றாள் அவள்.

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. ரிமோட்டை எடுத்த வலது கையை நீட்டினார். கம்பியின் முனையைச் சீவிச் சீவிக் காய்த்துப்போன விரல்கள். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, அந்தக் கையைத் தன் வலது கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கீழ்வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்தாள். இருவரையும் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள்.

“இல்ல… வந்தவங்கள்ல ரெண்டு பேருக்குச் சர்க்கரை இல்லாம வேணுமாம். மத்தவங்களுக்குப் போடச் சர்க்கரை எங்க இருக்குங்க?”

அவள் பிடித்த கையை விடாமல், இடது கையால் மேல் தட்டைக் காட்டினாள்.