காது வைத்த கேமரா

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தேவநாதனின் சட்டைக்கு இஸ்திரி மடிப்பு வந்துவிடும். விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. ஐம்பதைத் தொட்ட ஒண்டிக்கட்டை. வாரம் முழுக்கக் கசங்கிக் கிடக்கிற மனுஷர் அன்றைக்கு மட்டும் பளபளவென்று திண்டிவனம் பஸ் ஏறினால் தெரு சும்மா இருக்குமா?

"இன்னாங்க, அந்தக் கேமராவுக்கு இன்னமும் காய்ச்சல் எறங்கலியா?" என்றாள் எதிர்வீட்டு அம்மணி, முறத்தில் மல்லாட்டைக் கடலையைப் புடைத்தபடி.

"நுணுக்கமான வேலைம்மா. நிதானமாத்தான் பாக்கணும்."

"பாருங்க, பாருங்க. கண்ணு பத்திரம்."

விஷயம் இதுதான். திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த அந்தோணிசாமி தை மாசம் தவறிப்போனார். அவர் மனைவி சவுரியம்மாளிடம் இரண்டு ரஷ்யக் கேமராக்கள் மிஞ்சின. ஒன்று, கல்யாணமான ஐம்பத்தேழாம் வருஷம் அந்தோணிசாமி வாங்கியது. மற்றது, ஏழு வருஷம் கழித்து அவர் அண்ணன் வாங்கி ஸ்டூடியோவில் போட்டு வைத்தது. "ஏதோ ஒண்ணை எங்கிட்ட குடுத்துடு" என்று மூத்தார் நச்சரித்தார். ஏதோ ஒன்றைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. புருஷன் கையில் இருந்தது எது? அங்கே பிலிம் கழுவக் கொடுக்க வரும், கேமராப் பைத்தியம் என்று பேரெடுத்த தேவநாதனைக் கேட்டாள்.

முதல் ஞாயிறே அவருக்குத் தெரிந்துவிட்டது. தோல் உறையைக் கழற்றி விலாவைத் தடவினால் முடிந்தது வேலை. முந்தி வந்த மாடலுக்கு இரண்டு பக்கமும் வார் மாட்டக் குட்டிக் காது உண்டு. பிந்தி வந்ததற்குக் கிடையாது.

சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, "சாப்ட்டு வந்தீங்களா?" என்றாள். அதை அவரிடம் கடைசியாக யார் கேட்டது? ஞாபகம் வரவில்லை.

"இன்னொரு தரம் நல்ல வெளிச்சத்துல பாக்கணும்மா" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாராம். அதற்கடுத்த வாரம் மேகமூட்டமாம். சித்திரையில் மேகமூட்டம்!

இந்த வாரம் போனபோது மேஜைமேல் ஒரே கேமராதான் இருந்தது.

"மூத்தார் வந்தாருங்க. ஜல்தியா போவணும்னு கைக்குக் கெடச்சத எடுத்துக்கினு போயிட்டாரு. மெட்ராசுல யாருக்கோ வித்துட்டாராம்." மிச்சமிருந்ததை அவர் பக்கம் நகர்த்தினாள். "இது யாருதுன்னு மட்டும் சொல்லுங்க."

உறையைக் கழற்றினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். வழுவழுவென்றிருந்தது. காது இல்லை.

சவுரியம்மாள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இது உங்க வீட்டுக்காரருதுதாம்மா."

"நெசமாவா?"

"சந்தேகமே இல்ல."

அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாவம், வாராவாரம் ஒங்கள அலைய வுட்டுட்டேன். இனிமே இந்தப் பேஜாரு ஒங்களுக்கு இல்லீங்க."

காபி வந்தது. ஒரு டம்ளர் காபியை மனுஷர் எவ்வளவு நேரம்தான் குடிப்பார்?

மறு ஞாயிறு பஸ் நேரம் தாண்டியும் அவர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். அம்மணி விடுவாளா?

"இன்னாங்க, காய்ச்சல் எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சும்மா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சட்டை மட்டும் இஸ்திரி போட்டிருந்தது.