காதைத் தொட்ட வயது

செம்மலைக்கு வருகிற வெள்ளிக்கிழமை அறுபத்தைந்து முடிகிறது. விமானக் கம்பெனி கேப்டனுக்கு அதோடு சரி. அதற்குமேல் ஒருநாள்கூடப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க முடியாது. டிவியில் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு, அதை அறுபத்தேழு ஆக்கலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். காரைக்குடி வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மாரீஸ்வரி டிவியைப் பட்டென்று அணைத்தாள். தம்பியின் வேலை இப்போதே போவதற்குச் சட்டம் காரணமில்லை, தான்தான் காரணம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பன்னிரண்டு வயது. புதுவயல் ரைஸ்மில்லுக்கு நெல் காயவைக்கப் போக வேண்டும். மூன்றரை வயதுத் தம்பியை யார் பார்த்துக்கொள்வது? பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடலாம் என்றால் ஐந்து ஆகியிருக்க வேண்டும். பிறந்த சர்டிபிகேட் எல்லாம் அன்றைக்கு யார் வைத்திருந்தார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, அவ்வளவுதான். மாரீஸ்வரி ஒரு வாரம் அந்தக் கையை இழுத்து இழுத்துப் பழக்கினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தாள். விரல் காதில் பட்டது. வாத்தியார் ஐந்து என்று எழுதிவிட்டார்.

இப்போது லீவில் வந்திருந்த தம்பியின் முன்னால் ஜாதக நோட்டைக் கொண்டுவந்து போட்டாள்.

“பாருடா, ஒனக்கு இன்னும் அறுபத்திமூணரைதான் ஆகுது. இதக் காட்டிக் கேளு. பொய் சொன்னவ நான்தான்னு கோர்ட்டுலகூட வந்து சொல்றேன்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். “ஒன்னோட ஒண்ணரை வருசத்த முழுங்கிட்டேனேடா!”

செம்மலை நோட்டைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். இத்தனை வருஷமாகத் தோன்றாதது இப்போது தோன்றி, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நீ எங்க முழுங்குன? அத நான் ஆரம்பத்துலயே ஓட்டித் தீத்துட்டேன்க்கா.”

“என்னடா சொல்ற?”

“சம்பளத்துக்குப் பிளேன் ஓட்டுற லைசென்சுக்குப் பதினெட்டு ஆகணும். சர்க்கார் செலவுல படிச்சு, பதினெட்டரைல வாங்குனேன். ஒன் நோட்டுப்படி பாத்தா, அன்னைக்கி எனக்குப் பதினேழு!”

மாரீஸ்வரிக்கு அழுகை நின்றுபோயிற்று.

“நாப்பத்தஞ்சு வருசம் ஒரு கீறல் விழாம ஓட்டியாச்சு,” என்றார் செம்மலை. “அறுபத்தேழு வந்தா வரட்டும், பின்னாடி வர்றவுக ஓட்டிக்கிறட்டும். எனக்கு நீ குடுத்தது போதும்.”

களத்துச் சூட்டில் கால் கொப்பளிக்க நின்றவளின் தம்பி, மீசை முளைக்கும் முன்பே வானத்தில் ஏறியிருக்கிறான்! பெருமை தாங்கவில்லை அவளுக்கு. கண்ணைக்கூடத் துடைக்காமல் தெருவுக்கு ஓடினாள்.

எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி பதறிப்போனாள். “என்னக்கா, ஏன் அழுகுறீக?”

“அடியே, எந்தம்பி பதினேழு வயசுலயே பிளேன் ஓட்டுனவன்டி!”

“அக்கா, மெதுவா! அது சட்டப்படி தப்பு,” என்று செம்மலை பின்னாலேயே ஓடிவந்தார்.

“தப்புன்னா வந்து என்னையப் பிடிக்கட்டும்,” என்றாள் மாரீஸ்வரி, அடுத்த வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டே.