ஆமா சொல்லிக் குறைந்தவள்

அந்தப் பெண் ஒவ்வொரு முறை ‘ஆமா’ என்று சொல்லும்போதும் உயரத்தில் ஒரு விரற்கடை குறைந்தாள். எல்லாக் கேள்விக்கும் அப்படி நடக்கவில்லை. சாப்பிட்டாயா, பஸ் போய்விட்டதா என்று கேட்டால் எத்தனை ஆமா வேண்டுமானாலும் சேதமில்லாமல் சொல்லலாம். ‘உங்க மேல கேஸ் ஏதாவது இருந்துச்சா?’ என்ற கேள்விதான் அவளை இறக்கியது. நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில், பஸ்ஸை நிறுத்திச் சோதித்த போலீஸ் அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலத்தை எடுத்தது. ஒரு வருஷம் உள்ளே இருந்தாள். போன உயரத்தோடுதான் திரும்பி வந்தாள். குறைய ஆரம்பித்தது வேலை தேடிப் போன பிறகு. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், பிஸ்கட் கம்பெனியில் கேட்டார்கள், வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். ‘இல்லைன்னு சொல்லித் தொலையேன்டி’ என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கம்பெனியில் அப்படியும் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் எப்படியோ தெரிந்துகொண்டு, எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்து மறுபடி கேட்டார்கள். அதன்பின் அவள் பொய் சொல்லவில்லை. கல்யாணமானபோது கணவரின் நெஞ்சு வரை இருந்தாள். அவர் லாரி விபத்தில் இறந்து, மகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியபோது தாயும் மகளும் ஒரே உயரம். தையல்காரர் அவள் துணிகளைச் சொல்லாமலே வெட்டிச் சிறிதாக்கித் தந்தார். மிஞ்சிய துணியில் மகளுக்குச் சட்டை வந்தது.

அதற்குப் பிறகு மகள் வளர்ந்தாள், அம்மா இன்னும் குறைந்தாள். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வந்தால் மகளுக்கு உடம்பெல்லாம் கூசும். எட்டாம் வகுப்பில் ஒரு கூட்டத்தன்று, ‘உங்க அம்மா வரலையா?’ என்று டீச்சர் கேட்டார். அம்மா கடைசி பெஞ்சுக்குப் பின்னால், பெஞ்சு உயரத்துக்குக்கூட இல்லாமல், தலை வாரிப் பூப்போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தாள். மகளுக்கு அது தெரியும். ‘வரலை மிஸ்’ என்றாள். அம்மா சத்தமில்லாமல் கதவோரமாக வெளியே போனாள். அன்று அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டில் சோறு போட்டபோது ஒரு சாண் குறைந்திருந்தாள். மறுநாள் மகள் அடுப்படியில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

மகள் படித்து முடித்து, பல்செட் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சட்டம் மாறியது. கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்டுக் கஞ்சாக் கடை திறந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் மகள் தினமும் அதைத் தாண்டிப் போனாள். மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்கள் ஜாடிகளை மோந்து பார்த்து, எது தூக்கத்துக்கு நல்லது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் குறையவில்லை. பழைய தண்டனைகளைத் தள்ளிவிட ஒரு மன்னிப்புக் குழு அமைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மகள் மாதக்கணக்கில் அலைந்து ஒரு தேதி வாங்கினாள். அன்று குழுவின் அலுவலகப் படிக்கட்டில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். ஒரு தச்சரை அவர் தம்பி தோளில் வைத்திருந்தார். ஒரு சமையல்காரம்மா மகனின் சட்டைப் பைக்குள் இருந்தார்.

உள்ளே, ஒரு விரற்கடை உயரமே மிஞ்சியிருந்த அம்மாவை மேஜைமேல் நிற்க வைத்தார்கள். குழுத் தலைவர் நல்ல மனிதர்தான். ‘விதிப்படி ஒரே ஒரு கேள்வி கேட்டாகணும். உங்க மேல…’ என்று ஆரம்பித்தார்.

‘கேக்காதீங்க சார்’ என்று மகள் குறுக்கே பாய்ந்தாள். ‘இன்னொரு தடவை சொன்னா எங்கம்மா இருக்க மாட்டாங்க. அவங்களைக் குறைச்சது நீங்க மட்டும் இல்ல. நீங்களாவது கேட்டுக் குறைச்சீங்க. நான் கேக்காமலே குறைச்சவ.’ வகுப்பறையில் நடந்ததை அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றாள்.

அம்மா அவள் விரலைத் தொட்டாள். பிறகு தலைவரிடம், ‘நான் செஞ்சது தப்புன்னா அதுக்கு ஒரு வருஷம் இருந்துட்டு வந்தேங்க. அதுக்கப்புறம் இத்தனை வருஷம் எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் நீங்க என்ன கேட்டாலும் பதில் சொல்றேன்’ என்றாள்.

குழுவில் இருந்த ஒரு அம்மாள், மூட்டுவலிக்குக் கஞ்சாக் கடையில் வாங்கிய எண்ணெய்ப் புட்டியைத் தன் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்கள் அப்போது தரைக்கு எட்டவில்லை என்று, தண்ணீர் வைக்க வந்த பியூன் பின்னாளில் சொன்னார். தலைவர் கேள்வியைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டார். எழும்போது நாற்காலியிலிருந்து குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. படிக்கட்டில் இருந்தவர்களை அன்று மாலைக்குள் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள்.

போன உயரம் யாருக்கும் திரும்பி வரவில்லை. வரும் என்று குழுவும் சொல்லவில்லை. வாசலில் மகள் தூக்கிக்கொள்ளக் குனிந்தபோது, ‘நடந்தே வரேன்’ என்றாள் அம்மா. அவள் நடைக்குக் கடைவீதியைத் தாண்டவே பொழுது சாய்ந்துவிட்டது. மகள் அரையடி அரையடியாகப் பக்கத்திலேயே போனாள். அலுவலகம் விட்ட நேரம், நடைபாதை நிறைய ஆட்கள். முன்னால் என்ன என்று எட்டிப் பார்த்தவர்கள், பார்த்துவிட்டு, தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.