எபிசுவிடம் கொடுத்துவைத்தது

மிசாவோ குளியல் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவள் புருஷன் தோகுசோ முகத்தில் வெள்ளைத் துணியோடு படுத்திருந்தார். காலையில்தான் மூச்சு நின்றது. மருத்துவர் வந்து பார்த்து, தலை வணங்கிவிட்டுப் போயாயிற்று. தலைமாட்டில் சோற்றுக் கிண்ணமும் ஊதுவத்தியும் வைத்தாயிற்று. அவருடைய பல்செட்டைத்தான் காணவில்லை.

"கிடைச்சுதாம்மா?" வாசலில் மகள் நத்சுமி நின்றாள்.

"கிடைச்சிருந்தா நான் ஏன்டி இப்படித் தரையில கெடக்கேன்?"

"சவப்பெட்டிக்காரர் மறுபடி போன் பண்ணினார். தாடை விறைக்கிறதுக்குள்ள மாட்டிடணுமாம். அப்புறம் வாய் திறக்காதாம்."

மிசாவோ காலையிலிருந்து இன்னும் அழவில்லை. பல் கிடைக்கட்டும், அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று அழுகையை ஓரம் கட்டி வைத்திருந்தாள்.

வேறு பொருளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். தோகுசோவின் கல்லீரல் கெட்டுப் பல வருடமாகியிருந்தது. மண்ணீரல் வீங்கி, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. ஈறு சீழ் பிடித்து, மிச்சமிருந்த நாலைந்து பற்களும் ஊஞ்சலாடின. பல் டாக்டர்கள் வாயைப் பார்த்தார்கள், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். பிடுங்கினால் இரத்தம் நிற்காதாம். தட்டணுக்களை ஏற்றிப் பார்க்கலாம் என்றால், முன்பு ஒருமுறை ஏற்றியதில் உடம்பெல்லாம் தடித்து, குளிர்க்காய்ச்சலில் கட்டில் ஆடியது. யோபுகோ துறைமுகத்தில் பிறந்து, வாழ்நாளெல்லாம் கணவாய் மீன் பிடித்த மனுஷன் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டு கிடந்தார். எதிர்வீட்டில் காய்ந்த கணவாயைத் தணலில் வாட்டும் வாசம் வந்தால் சன்னலைச் சாத்தச் சொல்வார்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் ஈரல் டாக்டரம்மா ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தாள். தினம் ஒன்று, ஒரு வாரத்துக்கு. "ஈரலுக்கு இது ஒண்ணும் செய்யாது தாத்தா. பல்லு பிடுங்கிப் புண் ஆறுற வரைக்கும் தட்டணுக்களை ஏத்தி வைக்கும், அவ்வளவுதான்" என்று உடைத்தே சொன்னாள்.

"எனக்கு அது போதும். ஈரலை வெச்சு யாரு கணவாயைக் கடிக்கப் போறா?" என்றார் தோகுசோ.

மறு வாரம் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, அங்கேயே பற்களைப் பிடுங்கினார்கள். வாயில் வைத்த பஞ்சில் பயந்த அளவுக்குச் சிவப்பில்லை. பல்செட்டு வந்த அன்று அவரே அடுப்பு மூட்டிக் காய்ந்த கணவாயை வாட்டினார். கீற்றாகக் கிழித்து, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சாயங்காலம் முழுக்க மென்றார். அன்றைக்குத்தான் மிசாவோவிடம் வாக்கு வாங்கினார்.

"நான் போறப்போ இது என் வாயில இருக்கணும். பொக்கை வாயோட போய் நின்னா, எங்கண்ணன் அங்க காத்துக்கிட்டு இருக்கான், காலத்துக்கும் சிரிப்பான்."

"சரி சரி, வாயில இருக்கிறதை முழுங்கிட்டுப் பேசுங்க."

அப்படிச் சொன்ன பிறகு இரண்டு குளிர்காலம் மென்றார். அதில் மிசாவோவுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வாக்கு ஒன்றுதான் பாக்கி.

சாப்பாடு இறங்காமல் போனதும், வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் பல்லைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு அவர் கையில்தான் கொடுத்தாள். அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. முந்தாநாள் தோகுசோ சுவரைப் பிடித்துக்கொண்டு, முக்காலியை இழுத்தபடி தனியாக நடந்தது மிசாவோவின் நினைவுக்கு வந்தது. அவள் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டிருந்தாள்.

"விழுந்து தொலைக்கப் போறீங்க! அங்க என்ன வேலை?"

"காணாமப் போகக் கூடாதுல்ல. எபிசுகிட்ட குடுத்து வெச்சிருக்கேன்."

படகுச் சாவி என்று நினைத்து விட்டுவிட்டாள். மிசாவோ மெல்ல எழுந்து நடு அறைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தை ஒட்டிய சாமிப் பலகையை வெள்ளைத் தாள் மூடியிருந்தது. உள்ளே மீனவர்களின் சாமி எபிசு இருந்தார். சாவு விழுந்த வீட்டில் சாமிக்குத் தீட்டுப் படக் கூடாது என்று காலையிலேயே எதிர்வீட்டு ஹருவே வந்து ஒட்டியது. வீட்டு மனுஷர் தொடக் கூடாது. ஐம்பது நாளைக்குப் பிரிக்கவும் கூடாது.

"வெறும் தாள்தானேம்மா, நான் எடுக்கிறேன்" என்று ஃபுகுவோகா நகரத்துக்காரியாகிவிட்ட நத்சுமி முக்காலியை இழுத்தாள்.

"கையை வெச்ச, ஒடிச்சுடுவேன். போய் ஹருவேயைக் கூப்பிடு."

ஹருவே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காருக்கா. எபிசு கோவிச்சுக்கிட்டா..."

மிசாவோ வற்புறுத்தவில்லை. கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது என்னவென்று அவளுக்கும் தெரியும். தோகுசோவின் அருகே போய் உட்கார்ந்து துணியை விலக்கினாள். வாய் உள்ளே குழிந்து, முகம் யாருடையதோ போலிருந்தது. தாடையை விரலால் தொட்டாள். இன்னும் அசைந்தது.

ஹருவே அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்ப் பைப்பைத் திறந்து கைகழுவி, வாய் கொப்பளித்தாள்.

"அண்ணனே அவரை நம்பித்தானே குடுத்து வெச்சாரு. கேட்டா திருப்பித் தராமலா போயிடுவாரு? ஏ நத்சுமி, முக்காலியைப் பிடிடி."

ஏறி நின்று இரண்டு தரம் கைதட்டி வணங்கினாள். "கடல்ல இருக்கிற என் ஆளையும் பாத்துக்கோ சாமி" என்று உரக்கவே சொல்லிவிட்டு, தாளின் ஓரத்தை நகத்தால் பிரித்தாள். தூண்டிலும் மீனுமாகச் சிரிக்கும் எபிசு பொம்மையின் முதுகுக்குப் பின்னால் டப்பா இருந்தது.

"அக்கா, கூட இதுவும் இருக்கு."

காலியான மாத்திரை அட்டை. ஏழு குழிகளும் அமுங்கிக் கிடந்தன. பல் பிடுங்கிய வருடத்திலிருந்து அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும், மேலே தூசி படிந்திருந்தது.

பல்செட்டைக் கழுவி வாயில் பொருத்த மிசாவோவும் நத்சுமியும் சேர்ந்து பாடுபட்டார்கள். கடைசியில் அது தன் இடத்தில் உட்கார்ந்தது. கன்னம் எழும்பி, தோகுசோ தோகுசோவானார். மிசாவோ அப்போதுதான் அழுதாள். நிம்மதியாக, நேரம் எடுத்துக்கொண்டு அழுதாள்.

"இந்த அட்டையை அப்பாவோட பெட்டியில வெச்சுடலாமா?" என்றாள் நத்சுமி.

"அதுல தகரத்தாள் ஒட்டியிருக்குல்ல. தகனத்துல போட விடமாட்டாங்க." மிசாவோ தூசியை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்து ஹருவேயிடம் நீட்டினாள். "இருந்த இடத்துலயே வெச்சுடு."

ஹருவே தாளை மறுபடி ஒட்டினாள். வெளியே சவப்பெட்டிக்காரரின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மிசாவோ அடுப்பை மூட்டி ஒரு காய்ந்த கணவாயை வாட்டினாள். ஓரம் சுருண்டு வாசம் எழுந்தபோது, எழுந்து போய் தோகுசோ படுத்திருந்த அறையின் கதவை நன்றாகத் திறந்துவைத்தாள்.