முப்பதுக்கு முப்பது

1970, ஃப்ளாரன்ஸ். மாணவர் போராட்டத்துக்குப் பிறகு எங்கள் கட்டடக்கலைக் கல்லூரியில் எல்லோருக்கும் முப்பதுக்கு முப்பது மதிப்பெண்தான். பேராசிரியர்களுக்கு எங்களைக் கண்டால் பயம்.

என் வகுப்புத் தோழன் இலாரியோ, பேராலயத்தோடு சேர்த்து ஊர் முழுவதையும் ஒரே கண்ணாடிக் கூரையால் மூடும் திட்டத்தை ஆறு மாதம் வரைந்தான். பேராசிரியரோடு சண்டை போடத்தான் வரைந்தான். அவரோ வரைபடச் சுருளைப் பிரிக்கவே இல்லை.

"முப்பது. அடுத்தது யாருப்பா?"

"பிரிச்சாவது பாருங்க சார். பிடிக்கலன்னா திட்டுங்க."

"எதுக்குத் தம்பி வம்பு?"

வெளியே வாயில்காவலர் துல்லியோ அந்தச் சுருளை வாங்கிப் பிரித்தார்.

"ஏன்டா கிறுக்கா, புறா எல்லாம் உள்ளயே மாட்டிக்குமே! அது போடுற எச்சத்த யாரு கழுவுறது, உங்கப்பனா?"

இலாரியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு வாதத்துக்கு உட்கார்ந்தான். நான் பகுதிநேரமாக வேலை பார்த்த தொழிற்சாலையின் ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் சண்டை முடிந்திருக்கவில்லை.